மெண்டஸ் வழக்கும் ‘மெக்சிகன் பள்ளி’களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பள்ளிகளில் இருந்த நிறப் பிரிவினை பற்றிப் பேச்சு வந்தால் மெண்டஸ் குடும்பத்தின் கதையைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. சொல்லி முடித்ததும் கேள்விகள் வரும். வேறு வேறு ஆட்கள்தான், ஆனால் சந்தேகங்கள் பெரும்பாலும் அதேதான். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளை என்னிடம் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

மெண்டஸ் வழக்குன்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

1945 மார்ச் மாதம் தெற்குக் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் ஐந்து மெக்சிகன் அமெரிக்கக் குடும்பங்கள் சேர்ந்து நான்கு பள்ளி நிர்வாகங்கள் மேல் வழக்குப் போட்டன. “மெக்சிகன் என்ற ஒரே காரணத்துக்காக எங்கள் பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது” என்பதுதான் கோரிக்கை. வெஸ்ட்மின்ஸ்டர், கார்டன் குரோவ், சாண்டா ஆனா, எல் மொடேனா ஆகிய ஊர்களின் பள்ளிகள் எதிர்த்தரப்பு. முதல் பெயர்களை வைத்து ‘மெண்டஸ் எதிர் வெஸ்ட்மின்ஸ்டர்’ என்பார்கள்.

1946 பிப்ரவரி 18 அன்று கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் குடும்பங்களின் பக்கம் தீர்ப்பளித்தது. பள்ளி நிர்வாகங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அங்கேயும் 1947 ஏப்ரல் 14 அன்று குடும்பங்களே வென்றன. நாடு முழுவதும் பள்ளிப் பிரிவினை சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிரவுன் வழக்கு வந்தது 1954-ல். அதற்கும் முன்னால் நடந்தது இது.

லத்தீனோ, ஹிஸ்பானிக், சிகானோ, மெக்சிகன்... இதெல்லாம் ஒண்ணுதானா?

இல்லை. லத்தீன் அமெரிக்க நாடுகளில் வேர் உள்ளவர்களை லத்தீனோ என்கிறார்கள். பிரேசில்காரரும் அதில் அடக்கம். ஹிஸ்பானிக் என்பது ஸ்பானிஷ் மொழியை வைத்து வந்த சொல், அதனால் போர்த்துகீசியம் பேசும் பிரேசில்காரர் அதில் வரமாட்டார். சிகானோ என்பது ஒரு காலத்தில் இளக்காரமாகச் சொன்ன சொல். 1960-களில் அமெரிக்காவில் வளர்ந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் அதையே தங்கள் பெயராக எடுத்து நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொண்டார்கள்.

மெண்டஸ் குடும்பத்தையே பாருங்கள். அப்பா கொன்சாலோ மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் பிறந்து, பிறகு அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர். அம்மா ஃபெலிசிட்டாஸ் போர்ட்டோ ரிக்கோ தீவுக்காரர். அந்தத் தீவு 1898-லேயே அமெரிக்காவின் கைக்குப் போய்விட்டது, 1917 முதல் அந்த மக்கள் அமெரிக்கக் குடிமக்கள். பிள்ளைகள் மூவரும் கலிபோர்னியாவில் பிறந்தவர்கள். பள்ளிக்கூட வாசலில் இந்த வித்தியாசம் எதையும் யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் ‘மெக்சிகன்’தான்.

பிழைக்க வந்த இடத்துல இப்படி உரிமை கேட்கிறது நியாயமான்னு ஒரு சிலர் கேட்கிறாங்களே?

இந்தக் கேள்வி வரும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் பதில் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியா 1848 வரை மெக்சிகோவின் மண். அந்த வருடம் பிப்ரவரி 2 அன்று கையெழுத்தான குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தத்தில்தான், போரில் தோற்ற மெக்சிகோ அதை 1.5 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விட்டுக்கொடுத்தது. அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்கள் விரும்பினால் அமெரிக்கக் குடிமக்கள் ஆகலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. “நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது” என்று அந்த வம்சத்தார் இன்றைக்கும் சொல்வார்கள்.

1910-ல் மெக்சிகோவில் புரட்சி வெடித்த பிறகு வந்தவர்கள் நிறைய என்பது உண்மைதான். ஆரஞ்சுத் தோப்புகளுக்கும் வால்நட் தோப்புகளுக்கும் ஆள் வேண்டும் என்று அவர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டவர்கள் தோட்ட முதலாளிகள். எப்படிப் பார்த்தாலும் வழக்கு பிள்ளைகளைப் பற்றியது. அந்தப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பிறந்த நாளிலிருந்தே அமெரிக்கக் குடிமக்கள்.

பிரிவினைன்னா தெற்கு மாநிலங்கள்ல கறுப்பின மக்களுக்குன்னுதான் படிச்சிருக்கோம். கலிபோர்னியாவுலயுமா?

ஆமாம், அங்கேயும்தான். 1885-லேயே சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோர் ஒருவர் தம் மகள் மேமி டேப்பைப் பொதுப் பள்ளியில் சேர்க்கச் சொல்லி மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். உடனே சட்டமன்றம் என்ன செய்தது தெரியுமா? தனிப் பள்ளி நடத்தலாம் என்று சட்டத்தையே மாற்றிவிட்டது. சீனர், ஜப்பானியர், ‘மங்கோலிய’ வம்சத்தார், பூர்வகுடிகளில் சிலர் ஆகியோரின் பிள்ளைகளைப் பிரித்து வைக்கலாம் என்ற விதி கலிபோர்னியாவின் கல்விச் சட்டத்தில் 1947 வரை இருந்தது.

பள்ளி மட்டுமா! சில தெருக்களில் மெக்சிகன்களுக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். தியேட்டரில் அவர்களுக்குத் தனிப் பகுதி. ஊர் நீச்சல் குளத்தில் வாரத்தில் ஒரு நாள் மட்டும் அவர்களை விட்டுவிட்டு, அப்புறம் தண்ணீரை வடித்துவிடுகிற பழக்கமும் இருந்தது.

அந்தச் சட்டத்துல மெக்சிகன்னு வார்த்தையே இல்லையே? அப்புறம் எந்த அதிகாரத்துல பிரிச்சாங்க?

சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். வழக்கின் உயிர்நாடியே இதுதான். மேலே சொன்ன பட்டியலில் மெக்சிகன்கள் கிடையாது. 1848 ஒப்பந்தத்தால் குடியுரிமை கிடைத்தவர்கள் என்பதால், அன்றைய சட்டத்தின் கணக்குப்படி அவர்கள் ‘வெள்ளையர்’ வரிசையில் வந்தார்கள். ஆனாலும் உள்ளூர்ப் பள்ளி நிர்வாகங்கள் தாங்களாகவே தீர்மானம் போட்டு, “இந்தத் தெருப் பிள்ளைகள் இந்தப் பள்ளிக்கு” என்று கோடு கிழித்துப் பிரித்துவிட்டன. கேட்டால் மொழி, சுத்தம், வசதி என்று ஏதாவது ஒரு காரணம் தயாராக இருக்கும்.

மெக்சிகன் பள்ளி எப்படி இருக்கும்? கட்டடம் மோசமா இருந்ததுதான் பிரச்சினையா?

வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்த ஹூவர் பள்ளியைப் பற்றி கொன்சாலோ, ஃபெலிசிட்டாஸின் மகள் சில்வியா மெண்டஸ் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். மண் தரை. விளையாட இடம் கிடையாது. பக்கத்தில் மாட்டு மேய்ச்சல் நிலம், நடுவில் மின்சாரம் பாயும் கம்பி வேலி. தெரியாமல் கை பட்டால் ஷாக் அடிக்கும். வெளியே உட்கார்ந்து சாப்பிடும்போது ஈ மொய்க்கும். வெள்ளையர் பிள்ளைகள் படித்த பதினேழாம் தெருப் பள்ளியிலோ புல்வெளியும் ஊஞ்சலும் இருந்தன. எட்டு வயதுச் சிறுமிக்கு அந்த ஊஞ்சல்தான் கண்ணுக்குத் தெரிந்தது. வழக்கு அதற்காகத்தான் நடக்கிறது என்றே அவர் அப்போது நினைத்துக்கொண்டிருந்தாராம்.

பாடமும் வேறு மாதிரிதான். பெண் பிள்ளைகளுக்குத் தையல், வீட்டு வேலை, பையன்களுக்குக் கைத்தொழில். வால்நட் பறிக்கும் பருவம் வந்தால் சில மெக்சிகன் பள்ளிகள் அரை நாளோடு மூடிவிடும், பிள்ளைகள் தோப்புக்குப் போக வேண்டுமே. தோட்டக் கூலியின் பிள்ளை தோட்டக் கூலியாகவே இருக்க வேண்டும் என்ற திட்டம் இதில் அப்பட்டமாகத் தெரிகிறது.

ஆனால் கட்டடம் மட்டும் பிரச்சினை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கு ஊர்களிலும் கட்டடம் இதே அளவு மோசம் என்று வழக்கில் யாரும் நிரூபிக்கப் போகவில்லை. எல் மொடேனாவில் இரண்டு பள்ளிகளும் கூப்பிடு தூரத்தில் ஒரே வளாகத்தில் இருந்தன. பக்கத்தில் இருந்துகொண்டே பிரித்து வைத்ததுதான் அங்கே வலி.

மெண்டஸ் பிள்ளைகளை வாசல்லேயே திருப்பி அனுப்பினாங்களாமே, அன்னைக்கு என்ன நடந்தது?

கொன்சாலோவின் அக்கா சொலெடாட் விடௌரி தன் பிள்ளைகளையும் தம்பியின் பிள்ளைகளையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு பதினேழாம் தெருப் பள்ளிக்குப் போனார். மெண்டஸ் வீட்டில் சில்வியா, கொன்சாலோ ஜூனியர், ஜெரோம் என்று மூன்று பேர். விடௌரி பிள்ளைகள் வெளுத்த நிறம். குடும்பப் பெயரும் பிரெஞ்சுப் பெயர் மாதிரி ஒலிக்கும். அவர்களைச் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மெண்டஸ் பிள்ளைகள் மாநிறம், பெயரும் பச்சையாக மெக்சிகன் பெயர். அவர்களை ஹூவர் பள்ளிக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள்.

ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே வாசல், ஒரே நிமிடம். சொலெடாட் கோபத்தோடு எல்லாப் பிள்ளைகளையும் திருப்பிக் கூட்டி வந்துவிட்டார். தன் பிள்ளைகளுக்காவது இடம் கிடைத்ததே என்று சும்மா இருந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. வழக்கின் பெயரில் இல்லாவிட்டாலும், வழக்கு தொடங்கிய இடம் அந்த அத்தையின் கோபம்தான் என்பேன்.

கொன்சாலோ சிறுவனாக இருந்தபோது அதே ஊரில் மற்றப் பிள்ளைகளோடு ஒன்றாகப் படித்தவர். அதனால் அவருக்கு இதை நம்பவே முடியவில்லை. தலைமை ஆசிரியர், பள்ளி வாரியம், கவுண்டி அதிகாரி என்று ஒவ்வொரு இடமாக நடந்தார். கடைசியில், “உங்கள் பிள்ளைகளை மட்டும் விதிவிலக்காகச் சேர்த்துக்கொள்கிறோம்” என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வழக்கு நடத்த அவங்களுக்குப் பணம் ஏது? அந்த நிலம் ஒரு ஜப்பானியக் குடும்பத்துடையதுன்னு கேள்விப்பட்டேனே?

கேள்விப்பட்டது சரி. வெஸ்ட்மின்ஸ்டரில் 40 ஏக்கரில் அஸ்பாரகஸ் கீரைத்தண்டு பயிரிட்ட முனெமிட்சு குடும்பத்தின் நிலம் அது. ஜப்பானிலிருந்து வந்தவர்கள் நிலம் வாங்க மாநிலச் சட்டம் தடை போட்டிருந்ததால், அமெரிக்காவில் பிறந்த மூத்த மகன் பெயரில் வைத்திருந்தார்கள். 1942-ல் மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய அமெரிக்கர்களை எல்லாம் அரசு முகாம்களில் அடைத்தபோது, இவர்களை அரிசோனா பாலைவனத்தில் இருந்த போஸ்டன் முகாமுக்கு அனுப்பியது. (பெயர் ஒலியை வைத்து மாசசூசெட்ஸ் நகரம் என்று நினைத்துவிட வேண்டாம்.) நிலம் கைவிட்டுப் போகாமல் இருக்க நம்பிக்கையான குத்தகைக்காரர் தேவைப்பட்டார். சாண்டா ஆனாவில் சிறு மதுக்கடை நடத்திக்கொண்டிருந்த கொன்சாலோ அப்படித்தான் அங்கே வந்தார்.

ஒரு குடும்பத்தைக் கம்பி வேலிக்குள் அடைத்த அநியாயம், இன்னொரு குடும்பம் வேறொரு அநியாயத்தை எதிர்க்கக் காசு கொடுத்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். மெண்டஸ் குடும்பம் அடுத்தவர் துயரத்தில் லாபம் பார்த்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குத்தகைப் பணம் ஒழுங்காகப் போனது. போர் முடிந்து முனெமிட்சு குடும்பம் திரும்பி வந்தபோது நிலம் அவர்கள் கைக்கு வந்தது. முகாமிலிருந்து திரும்பிய மற்றப் பல குடும்பங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

வழக்கு நடந்த மாதங்களில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் ஃபெலிசிட்டாஸ். விதைப்பு, அறுவடை, கூலி ஆட்கள், கணக்கு எல்லாம் அவர் தலையில். கொன்சாலோ வக்கீலோடு ஊர் ஊராகப் போய்ச் சாட்சிகளைத் தேடினார். நீதிமன்றத்துக்கு வந்தால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்று தயங்கியவர்களுக்கு அந்தக் கூலியைத் தன் கையிலிருந்து கொடுத்தார்.

வழக்குப் போட்டது சில்வியான்னுதானே எல்லாரும் சொல்றாங்க?

சில்வியா அப்போது குழந்தை. வழக்காடியவர்கள் ஐந்து தகப்பன்மார்கள்: கொன்சாலோ மெண்டஸ், வில்லியம் கஸ்மான், ஃபிராங்க் பலோமினோ, தாமஸ் எஸ்ட்ராடா, லொரென்சோ ராமிரெஸ். தங்கள் பிள்ளைகளுக்காக மட்டும் அவர்கள் கேட்கவில்லை, இதே நிலையில் இருந்த சுமார் 5,000 பிள்ளைகள் சார்பாகக் கேட்டார்கள். முதல் பெயர் மெண்டஸ் என்பதால் மற்ற நான்கு குடும்பங்களும் கதையிலிருந்து மெல்ல மறைந்துவிட்டன. அம்மாக்களின் பெயர் வழக்கின் தலைப்பில் இல்லவே இல்லை. இந்தக் கதையை யாருக்காவது சொல்கிறவர்கள் அந்த நான்கு பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோர்ட்ல பள்ளிக்காரங்க என்னதான் சொன்னாங்க?

கார்டன் குரோவ் பள்ளிகளின் கண்காணிப்பாளர் ஜேம்ஸ் கென்ட் கூண்டில் ஏறிச் சொன்னது பதிவில் இருக்கிறது. மெக்சிகன் பிள்ளைகள் சுத்தத்தில், திறமையில், பொருளாதார நோக்கில் தாழ்ந்தவர்கள் என்றார். பேன், சிரங்கு, காசநோய், அழுக்குக் கை, அழுக்கு முகம், அழுக்குக் கழுத்து, அழுக்குக் காது என்று அடுக்கினார். அந்த அறையில் அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் நல்ல உடுப்பு உடுத்தி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வக்கீல் டேவிட் மார்கஸ் அவரைப் பேச விட்டார். இதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சான் பெர்னார்டினோவில் மெக்சிகன்களை நீச்சல் குளத்தில் விடாத வழக்கில் ஜெயித்தவர் மார்கஸ். பேச விட்டதற்குக் காரணம் இருந்தது. மொழிதான் காரணம் என்று பள்ளிகள் கட்டியிருந்த வேடம் அந்தச் சாட்சியத்திலேயே கலைந்துபோனது. அப்புறம் கரோல் டோரஸ் என்ற 14 வயதுப் பெண் கூண்டில் ஏறி நல்ல ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அவளும் மெக்சிகன் பள்ளியில் படித்தவள். ஃபெலிசிட்டாஸும் சாட்சி சொன்னார். நீங்கள் அமெரிக்கர்கள் என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்க்கிறோம், நானும் என் கணவரும் அப்படித்தான் எங்களை நினைக்கிறோம் என்பது அவர் சொன்னதன் சாரம்.

இங்கிலீஷ் தெரியாத பிள்ளைங்களுக்குத் தனி வகுப்பு வெச்சா நல்லதுதானே? அதுல என்ன தப்பு?

ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகச் சோதித்து, தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் கொஞ்ச காலம் உதவி வகுப்பு வைத்தால் தப்பில்லை. நீதிபதி பால் மெக்கார்மிக்கும் தீர்ப்பில் அதற்கு இடம் விட்டார். ஆனால் அங்கே நடந்தது அது இல்லை. மொழிச் சோதனை அவசரமாக, மேலோட்டமாக நடந்தது, நம்பும்படி இல்லை என்று தீர்ப்பு சொல்கிறது. சில இடங்களில் பிள்ளையின் பெயர் ஸ்பானிஷ் மாதிரி ஒலித்ததே போதுமானதாக இருந்திருக்கிறது. விடௌரி, மெண்டஸ் பிள்ளைகளுக்கு நடந்ததை மேலே சொன்னேனே, அங்கே யாரும் யாரையும் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பேசச் சொல்லிப் பார்க்கவில்லை.

இன்னொன்று. ஆங்கிலம் கற்க வேண்டிய பிள்ளையை ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடமிருந்து பிரித்து வைத்தால் எப்படிக் கற்கும்? யு.சி.எல்.ஏ பல்கலைக்கழக மானுடவியலாளர் ரால்ஃப் பீல்ஸ் இதைத்தான் சாட்சியத்தில் சொன்னார். பிரிப்பது மொழியைக் கெடுக்கும், அதோடு “நாம் தாழ்ந்தவர்கள்” என்ற எண்ணத்தையும் பிள்ளை மனதில் விதைக்கும் என்ற வாதம் நீதிமன்றத்தில் இப்படி நிபுணர்கள் வாயிலிருந்து வந்தது அன்றைக்குப் புதிது.

தீர்ப்புல முக்கியமான வரி எது?

இரு தரப்புக்கும் ஒரே மாதிரி கட்டடம், ஒரே மாதிரி புத்தகம், ஒரே மாதிரி வாத்தியார் கொடுத்துவிட்டால் மட்டும் சமத்துவம் ஆகிவிடாது. அமெரிக்கப் பொதுக்கல்விக்கு அடிப்படைத் தேவை சமூக சமத்துவம், வம்சம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாகப் படிக்கும் பள்ளி திறந்திருக்க வேண்டும் என்று மெக்கார்மிக் எழுதினார். 1896 முதல் “தனித்தனியாக இருக்கலாம், ஆனால் சமமாக இருந்தால் போதும்” என்பதே உச்ச நீதிமன்றத்தின் நிலை. ஒரு மாவட்ட நீதிபதி அதன் அடிவயிற்றிலேயே கை வைத்தார்.

அப்போ பிரவுன் வழக்கை ஜெயிக்க வெச்சதே இதுதான்னு சொல்லலாமா?

அந்த அளவுக்குப் போகாதீர்கள். மேல்முறையீட்டில் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகக் குடும்பங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தாலும், காரணத்தைச் சுருக்கிக்கொண்டார்கள். ‘தனி, ஆனால் சமம்’ என்ற கொள்கையை அவர்கள் தொடவில்லை. மெக்சிகன்களைப் பிரிக்க மாநிலச் சட்டமே இடம் தராதபோது பள்ளிகள் பிரித்தது தப்பு என்று நிறுத்திக்கொண்டார்கள். பள்ளிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போகவில்லை. 1954 பிரவுன் தீர்ப்பில் மெண்டஸ் என்ற பெயரே வராது.

தொடர்பு வேறு வகையில் இருக்கிறது. மேல்முறையீட்டின்போது கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி ஆதரவு மனு கொடுத்தது. அதில் பெயர் இருந்தவர்கள் தர்குட் மார்ஷலும் ராபர்ட் கார்ட்டரும். இருவரும் பிறகு பிரவுன் வழக்கை நடத்தினார்கள். யூத அமைப்பும் ஜப்பானிய அமெரிக்கர் அமைப்பும்கூட மனு கொடுத்தன. முகாம்களிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவர்கள் இன்னொருவர் பிள்ளைகளுக்காக மனு எழுதியதை நினைத்துப் பாருங்கள். 1947 ஜூனில் கலிபோர்னியா தன் பிரிவினை விதிகளை நீக்கியது. கையெழுத்துப் போட்ட ஆளுநர் எர்ல் வாரன். பிரவுன் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதியும் அதே வாரன்தான்.

இதுக்கு முன்னாடி யாரும் எதிர்த்துக் கேட்கவே இல்லையா?

கேட்டார்கள். 1931 ஜனவரியில் சான் டியேகோ பக்கத்தில் லெமன் குரோவ் என்ற சிற்றூரில் பள்ளித் தலைமையாசிரியர் வாசலில் நின்றுகொண்டு 75 மெக்சிகன் பிள்ளைகளை வேறு கட்டடத்துக்குப் போகச் சொன்னார். ஊர் மக்கள் அதற்கு ‘கபாயெரிசா’ என்று பெயர் வைத்தார்கள், குதிரை லாயம் என்று அர்த்தம். பெற்றோர்கள் பிள்ளைகளை அங்கே அனுப்பவில்லை. ராபர்ட்டோ ஆல்வரெஸ் என்ற 12 வயதுப் பையன் பெயரில் வழக்குப் போட்டு, மார்ச் மாதமே ஜெயித்தார்கள். பள்ளி மேல்முறையீடு செய்யவில்லை, அதனால் அது அந்த ஊரோடு நின்றுவிட்டது.

அந்தப் பெற்றோரின் துணிச்சல் புரிய வேண்டுமானால் அந்த வருடத்தைப் பார்க்க வேண்டும். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை போனதற்கு மெக்சிகன்களே காரணம் என்று சொல்லி, அவர்களை ரயிலேற்றி மெக்சிகோவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1931 பிப்ரவரி 26 அன்று லாஸ் ஏஞ்சலஸின் பழைய சதுக்கத்தைச் சுற்றி வளைத்து 400 பேர் அளவில் பிடித்து வைத்து விசாரித்தார்கள். அந்தப் பத்தாண்டில் போனவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களின் கணக்கு சில லட்சத்திலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல் வரை போகிறது. அவர்களில் பெரும் பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள், அதுவும் குழந்தைகள். 2005-ல் கலிபோர்னியா இதற்கு மன்னிப்புக் கேட்டுச் சட்டம் இயற்றியது. வாசலுக்கு எப்போது ஆள் வருமோ என்று பயந்துகொண்டிருந்த அந்த மாதங்களில்தான் லெமன் குரோவ் பெற்றோர் நீதிமன்றம் போனார்கள்.

“நாங்க வெள்ளைக்காரங்க”ன்னு சொல்லித்தானே ஜெயிச்சாங்க? அது கறுப்பின மக்களைக் கைவிட்ட மாதிரி இல்லையா?

எனக்கு மிகவும் சிரமமான கேள்வி இது. மெக்சிகன்கள் சட்டப்படி வெள்ளையர் வரிசை என்று முன்பு சொன்னேன். மார்கஸ் இதில் இனப் பிரச்சினை இல்லை என்று இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும்படி செய்துகொண்டு, வம்சாவளியை வைத்துப் பாகுபாடு காட்டினார்கள் என்று வாதாடினார். இனம் என்று வாதாடியிருந்தால், 1896 தீர்ப்பைக் காட்டி ஒரே நிமிடத்தில் வழக்கைத் தள்ளியிருப்பார்கள். வக்கீலாக அவருக்கு இருந்த வழி அது.

அந்த வழிக்கு ஒரு விலை இருந்தது, அதை மறைக்கக் கூடாது. டெக்சாஸில் சில பள்ளி நிர்வாகங்கள் பிறகு, “மெக்சிகன்களும் வெள்ளையர்தானே, அப்படியானால் அவர்களையும் கறுப்பினப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் போட்டால் கலப்புப் பள்ளி ஆகிவிட்டது” என்று கணக்குக் காட்டின. 1970-ல் கார்ப்பஸ் கிறிஸ்டி வழக்கில்தான் மெக்சிகன் அமெரிக்கர்கள் தனியே அடையாளம் தெரிகிற, பாகுபாட்டுக்கு ஆளான சிறுபான்மையினர் என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால் மெண்டஸ் குடும்பம் யாரையும் கைவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். என்.ஏ.ஏ.சி.பி தானாக வந்து பக்கத்தில் நின்றதே, அவர்களுக்கு அப்படித் தோன்றியிருந்தால் வந்திருப்பார்களா?

தீர்ப்பு வந்ததும் எல்லாம் சரியாயிடுச்சா?

வெஸ்ட்மின்ஸ்டரில் சில்வியா புதுப் பள்ளிக்குப் போன முதல் நாளே ஒரு பையன், நீ மெக்சிகன், உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டான். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து இனி போகமாட்டேன் என்றாள். நாம் எதற்காகச் சண்டை போட்டோம் என்று தெரியவில்லையா, நீ அவனுக்குச் சமம் என்று ஃபெலிசிட்டாஸ் அவளை உட்கார வைத்துச் சொன்னார். ஊஞ்சலுக்காக இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது என்பார் சில்வியா.

பரவலாகப் பார்த்தால், சட்டம் பிரிப்பது நின்றது, குடியிருப்பு பிரிப்பது நிற்கவில்லை. எந்தத் தெருவில் வீடு வாங்க முடியும் என்பதே எந்தப் பள்ளி என்று தீர்மானித்தது. 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே நடந்தார்கள். ஸ்பானிஷ் பேசினால் அடிக்கக் கூடாது, எங்கள் வரலாற்றையும் சொல்லிக்கொடுங்கள், எங்களையும் கல்லூரிக்குத் தயார் செய்யுங்கள் என்று கேட்டார்கள். துணை நின்ற ஆசிரியர் சால் காஸ்ட்ரோவைக் கைது செய்தார்கள். தீர்ப்பு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது அப்போது.

இவ்வளவு பெரிய விஷயம் ஏன் இத்தனை காலம் யாருக்கும் தெரியல?

உச்ச நீதிமன்றம் வரை போகாததால் பாடப்புத்தகத்தில் இடம் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். எழுதியவர்கள் யாருடைய கதையை வரலாறு என்று நினைத்தார்கள் என்பது பெரிய காரணம். கொன்சாலோ 1964-ல், 51 வயதிலேயே இறந்துவிட்டார். அவர் உயிரோடு இருந்தவரை யாரும் வந்து கைகுலுக்கவில்லை.

சில்வியா செவிலியராக முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நோய்வாய்ப்பட்ட அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்தக் கதை யாருக்கும் தெரியவில்லை, நீ போய்ச் சொல் என்று ஃபெலிசிட்டாஸ் கேட்டுக்கொண்டார். அவர் 1998-ல் இறந்தார். மேடைப் பேச்சே பழக்கமில்லாத சில்வியா அதன் பிறகு பள்ளி பள்ளியாக, கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசத் தொடங்கினார். 2007-ல் வழக்குக்குத் தபால் தலை வந்தது. 2011-ல் அதிபர் ஒபாமா அவருக்கு நாட்டின் உயரிய குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கம் அணிவித்தார். ஒரு அம்மாவின் கோரிக்கையும் ஒரு மகளின் பிடிவாதமும் இல்லாவிட்டால் இந்தக் கதை உங்களுக்கும் எனக்கும் வந்து சேர்ந்திருக்காது.

இப்போ அங்கே போனா பார்க்க ஏதாவது இருக்கா?

வெஸ்ட்மின்ஸ்டருக்கு இன்று போனால் தெருவெல்லாம் வியட்நாமியப் பெயர்ப்பலகைகள். போர் முடிந்து அகதிகளாக வந்தவர்கள் ‘குட்டி சைகோன்’ என்று அந்த ஊரையே மாற்றிவிட்டார்கள். 2022 டிசம்பரில் மெண்டஸ் வழக்கின் நினைவாக அங்கே ஒரு பூங்கா திறந்தார்கள், கொன்சாலோவுக்கும் ஃபெலிசிட்டாஸுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் வரலாற்றுப் பாடத்தில் இந்த வழக்கு இடம்பெற வேண்டும் என்று 2024-ல் வந்த சட்டத்தை முன்மொழிந்தவரும் வெஸ்ட்மின்ஸ்டரைச் சேர்ந்த வியட்நாமிய வம்சாவளி சட்டமன்ற உறுப்பினர்தான்.

சாண்டா ஆனாவில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு இருவர் பெயரும் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸின் பாயில் ஹைட்ஸ் பகுதியில் 2009-ல் திறந்த உயர்நிலைப் பள்ளிக்கும் இருவர் பெயர்தான். வழக்கின் தலைப்பில் இடம் கிடைக்காத ஃபெலிசிட்டாஸின் பெயர் அந்தப் பள்ளியின் பெயர்ப்பலகையில் முதலில் இருக்கிறது.